கிருபைராஜிப் பல்லிக்கு வந்த கௌரவம்

இதனால் அகில உலகத்துக்கும், குறிப்பாக ராதாபுரம் தாலுகாவில் வசிக்கும் மனிதர், கால்நடை, ஊர்வன, பறப்பன யாவற்றுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: நெல்லைச் சீமையின் அறிவியல் வரலாற்றில் இதுவரை நடந்திராத, இனி நடக்கவும் வாய்ப்பில்லாத மகத்தான நிகழ்வாக, நமது தேரிப் பல்லி அழிந்துகொண்டிருக்கிறது என்பது வருகிற பதினான்காம் தேதி சர்வதேச முறைப்படி உறுதி செய்யப்பட இருக்கிறது. அனைவரும் வருக. டிபன் உண்டு.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறைப் பலகையில் இந்த அறிவிப்பு தொங்கியது. எழுதியவர் துறைத் தலைவர் முனைவர் கிருபைராஜ். கடைசி இரண்டு வார்த்தைகள் மட்டும் மியூசியம் உதவியாளர் பியூலா சேர்த்தது. டிபன் என்று போடாத நோட்டீஸை அந்தக் கல்லூரியில் யாரும் படித்ததில்லை என்பது அவளுடைய இருபத்தாறு வருஷ சர்வீஸில் கண்ட உண்மை.

திருநெல்வேலி என்றால் தாமிரபரணி, நெல், வாழை என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ராதாபுரத்துக்குத் தெற்கே போனால் ஆறு நம்மைக் கைவிட்டுவிடும். அங்கே பனை, உடைமரம், அப்புறம் தேரி. செக்கச்செவேல் என்று மணல் மேடு மேடாகக் கிடக்கும். ஆடிக் காற்றில் மேடு இடம் மாறும். அந்த மணலுக்குள் வளை தோண்டிக் குடியிருப்பது நம் பல்லி. விரல் நீளம், மணல் நிறம். இமை கிடையாது என்பதால் கண்ணில் தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் அறிவியல் பெயரில் பின்பாதி ‘கிருபைராஜி’.

தான் கண்டுபிடித்த உயிருக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது அறிவியலில் மரியாதை இல்லை. அதனால் கிருபைராஜ், மலையாளக் கரையில் வேலை பார்த்த நண்பர் ஒருவரைப் பல்லிக்குப் பெயர் வைக்கச் சொன்னார். அந்த நண்பர் கண்டுபிடித்த நண்டுக்கு இவர் நண்பரின் பெயரை வைத்தார். இரண்டு பேருமே எதிர்பாராத இந்தக் கௌரவத்தால் நெகிழ்ந்துபோனதாக அவரவர் கட்டுரையில் எழுதிக்கொண்டார்கள்.

கிருபைராஜுக்கு ஒரே ஒரு குறை. உலகத்தில் எந்த உயிர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் சிவப்புப் பட்டியலில், அவருடைய பல்லிக்கு நேரே ‘தரவு போதாது’ என்று போட்டிருந்தது.

“போதாதா? பதினோரு வருஷம் தேரி மணலைத் தின்னுருக்கேன், பியூலா. எனக்கா போதாது?”

“உங்களுக்கு இல்ல சார். பல்லிக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

மே முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு ஓய்வு. அதற்குள் கிருபைராஜி ‘அழிவின் விளிம்பில்’ என்ற படிக்கு ஏறியாக வேண்டும். அதற்கு மேல் இருப்பது செத்துப்போனவைகளின் படி. உயிரோடு இருக்கிற ஒரு பிராணிக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. சிங்கத்துக்குக்கூட இல்லாத பட்டம். கிடைக்கும் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. பொங்கல் லீவுக்குப் பொங்கல் லீவு அவர் எடுத்த கணக்கு அப்படி. முதல் வருஷம் இருநூற்று முப்பத்தொன்று. அப்புறம் நூற்றுத் தொண்ணூறு, நூற்று அறுபது என்று ஒரே சீராக இறங்கி, போன வருஷம் இருபத்திரண்டு. இவ்வளவு அழகாக இறங்கும் கோட்டை அவர் வேறெந்த ஆராய்ச்சியிலும் பார்த்ததில்லை. அதைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார்.

காரணத்தையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆடு. விண்ணப்பப் படிவத்தில் ‘முதன்மை அச்சுறுத்தல்’ என்ற கட்டத்தில் ‘வெள்ளாட்டுக் குளம்பு’ என்று எழுதி, தேரியைச் சுற்றி வேலி போட்டு ஆடுகளை வெளியேற்ற வேண்டும் என்று பரிந்துரையும் செய்திருந்தார். தேரியில் மேய்கிற முப்பத்திரண்டு ஆடுகளும் அசன் மைதீனுடையவை. அசன் மைதீன்தான் பதினோரு வருஷமாக இவருக்குப் பல்லி காட்டிக்கொடுக்கிறவன் என்பது படிவத்தில் இல்லை. அதற்குக் கட்டம் இல்லை.

அசன் மைதீன் ஒன்பது வருஷம் சவூதிப் பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய்க்குக் காவல் இருந்தவன். மணலில் தடம் பார்ப்பதில் ராஜா. விடிந்ததும் காற்று எழும்புவதற்கு முன்னால் மணலைப் பார்த்தால், இரவில் எந்தப் பல்லி எங்கே போய் எந்த வளைக்குத் திரும்பியது என்று சொல்லிவிடுவான். மூன்றாம் வருஷமே அவன் கேட்டான்.

“சார், வருஷா வருஷம் இத்தனையைப் பிடிச்சுக் கொண்டு போறியள. கொறஞ்சிராதா?”

“அதுக்குப் பேரு மாதிரி சேகரிப்பு வே. அறிவியல். உமக்கு வெளங்காது.”

விளங்காத விஷயத்தை அசன் மைதீன் அதற்கப்புறம் கேட்கவில்லை.

இன்னொரு விவரமும் சொல்லியாக வேண்டும். கிருபைராஜ் பொன்னாடைக்குப் பரம விரோதி. மேடை ஏறுகிறவனுக்கெல்லாம் சரிகைத் துண்டைப் போர்த்துவது அறிவுக்கு இழுக்கு என்பார். அவர் துறைத் தலைவரானதும் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். சிறப்பு விருந்தினருக்குத் துண்டு கிடையாது. கண்ணாடி போலத் தெளிந்த ரெசின் கட்டிக்குள் ஒரு தேரிப் பல்லி, கீழே பித்தளைத் தகட்டில் ‘கிருபைராஜி: தேரியின் செல்வம்’. மேஜையில் வைத்தால் காகிதம் பறக்காது. ஆயர் வாங்கியிருக்கிறார், துணைவேந்தர் வாங்கியிருக்கிறார், கேன்டீனைத் திறந்துவைத்த மாவு மில் அண்ணாச்சி வாங்கியிருக்கிறார். அண்ணாச்சி வீட்டில் அதைப் பார்த்து மருமகள் அலறி, இப்போது அது மில்லில் ரசீதுக் கட்டின்மேல் இருப்பதாகக் கேள்வி.

பதிமூன்றாம் தேதி மாலை, சர்வதேச மதிப்பீட்டாளரை எதிர்கொள்ளக் கிருபைராஜ் கோட் போட்டுக்கொண்டு வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றார். முனைவர் ஸமீஹா என்று கடிதத்தில் இருந்தது. துருக்கியோ, எகிப்தோ என்று நினைத்திருந்தார். ஆங்கிலத்தில் நான்கு பக்கத்துக்கு வரவேற்புரை தயார். பெங்களூர் பஸ்ஸிலிருந்து முதுகுப் பையோடு முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். கோட்டைப் பார்த்து நேரே வந்தாள்.

“கிருபைராஜ் சாரா? இந்த வேக்காட்டுல கோட்டு எதுக்கு சார்? கழத்துங்க, மயக்கம் வந்துரும்.”

“நீங்க… எந்த ஊரும்மா?”

“மேலப்பாளையம் சார். வேலை பெங்களூர்ல. ராவு உம்மா வீட்டுல தங்கிட்டு வெள்ளன வந்திருதேன்.”

கிருபைராஜுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே இருக்கிற மேலப்பாளையத்திலிருந்தா சர்வதேசம் வரும்? வரவேற்புரையை மடித்துப் பையில் வைத்தார். ஆனாலும் கோட்டைக் கழற்றவில்லை.

மறுநாள் விடியற்காலை தேரியில் கோட்டோடு நின்றார். மாணவர்கள் டிபன் வண்டியைச் சுற்றி நின்றார்கள். காற்று இன்னும் எழும்பவில்லை. அசன் மைதீன் முன்னால் குனிந்து போக, ஸமீஹா நோட்டோடு பின்னால் போனாள்.

“மாமா, இது புதுத் தடமா?”

“நேத்து ராத்திரிதுதாம்மா. இங்கன வந்திருக்கு, வண்டு புடிச்சிருக்கு, அந்தா போயிருக்கு பாரு, பைய. வளை வாய அடைச்சிருக்கு. உள்ளதான் படுத்திருக்கு.”

“ஒண்ணு,” என்று எழுதினாள்.

வழக்கமாகப் பல்லி கிடைத்தால் ஆராய்ச்சியாளர் சந்தோஷப்படுவார். கிருபைராஜின் நிலைமை வேறு. ஒவ்வொரு பல்லி கிடைக்கும்போதும் அவர் முகம் வாடியது. நான்காவதுக்குக் கோட்டுப் பொத்தானைத் திருகினார். எட்டாவதுக்கு, “இது முன்னாடியே எண்ணினதுதானே மைதீன்? நல்லாப் பாரும் வே” என்றார்.

“அது கெழக்க சார். இது வேற ஆளு.”

ஒன்பதாவது வளைக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தது. வால் பாதியில் அறுந்து, புது வால் மொட்டையாக, தடியாக, முளைப்பயறு போல வளர்ந்திருந்தது. ஓடவில்லை. கிருபைராஜைப் பார்த்துக்கொண்டே நாக்கை நீட்டி வலது கண்ணைத் துடைத்தது.

“எத்தனை அழகு,” என்றார் அவர். அந்த நேரத்தில் எண்ணிக்கை அவருக்கு மறந்துபோயிருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் பாவம்.

எட்டரைக்குக் காற்று எழும்பித் தடத்தையெல்லாம் துடைத்தது. வளை இருக்கக்கூடிய இடம் ஒன்றையும் அவர்கள் விடவில்லை. மொத்தம் ஒன்பது.

“ஒம்பது!” என்று கிருபைராஜ் அசன் மைதீனின் தோளைத் தட்டினார். “ஒம்பதுவே! இருபத்திரண்டுலேந்து ஒம்பது!” பேரப்பிள்ளை பிறந்த செய்தியைக்கூட இவ்வளவு சத்தமாகச் சொன்னவரில்லை.

“அம்பதுக்குக் கீழ போனாலே மேல் படிதான் சார்,” என்றாள் ஸமீஹா. “அழிவின் விளிம்பு உறுதி. ஆனா ஏன் கொறஞ்சுதுன்னு எழுதணும். ஆடுன்னு போட்டிருக்கிய.”

அசன் மைதீன் திரும்பிப் பார்த்தான். “எது, எங்க ஆடா?”

“பொதுவா ஆடு,” என்றார் கிருபைராஜ்.

“இங்கன பொதுவா ஆடு ஏது சார்? எங்க ஆடுதான் இருக்கு. எங்க வாப்பா காலத்துல எரநூறு ஆடு மேஞ்சுது. அப்பவும் பல்லி கெடந்துது, மிதிச்சா மிதிபடும், அம்புட்டு.”

“மத்தியானம் மியூசியத்துல பேசிக்கிடலாம்,” என்று கிருபைராஜ் முடித்துவைத்தார். மியூசியத்தைப் பார்த்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்பது அவர் நம்பிக்கை. அசன் மைதீனையும் வண்டியில் ஏறச் சொன்னாள் ஸமீஹா.

மியூசியத்தின் கிழக்குச் சுவர் முழுக்க ஒரே அலமாரி. அதில் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் சாராயத்தில் ஊறி வெளுத்த ஒரு பல்லி, கழுத்தில் சீட்டு. பியூலா ஒரு தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தாள்.

கிருபைராஜ் கையை விரித்தார். “பாருங்கம்மா. உலகத்துல எந்த மியூசியத்துலயும் இவ்வளவு தேரிப் பல்லி கிடையாது.”

“தேரியிலயும் கிடையாது சார்,” என்றாள் ஸமீஹா.

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். உடனே பரிசுப் பெட்டியைத் திறந்து, இரண்டு கைகளாலும் ரெசின் கட்டியை நீட்டினார். மாணவர்கள் கைதட்டினார்கள். ஸமீஹா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது எப்பப் பிடிச்சது சார்?”

“புதுசும்மா, போன மாசம்தான். உங்களுக்குன்னே.”

“இந்த மாதிரி எத்தனை கொடுத்திருக்கிய?”

“அதெல்லாம் எண்ணிக்கிட்டா—”

“நாப்பத்தி மூணு,” என்றாள் பியூலா. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பதிவேடு அவள் பொறுப்பு. “இதோட நாப்பத்தி மூணு. பாட்டில்ல நூத்தி எழுபத்தி நாலு. வருஷ வாரியா இருக்கு மேடம், கொண்டு வரட்டா?”

கொண்டுவந்தாள். ஸமீஹா பதிவேட்டை ஒரு பக்கமும் கிருபைராஜின் கணக்கை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து பென்சிலால் போட்டாள். முதல் வருஷம் பிடித்தது முப்பத்தெட்டு. அடுத்த வருஷக் கணக்கில் குறைவு நாற்பத்தொன்று. அதற்கடுத்துப் பிடித்தது முப்பது, குறைவு முப்பது. சட்டம் போட்டு மாட்டிய அந்த அழகான கோடு பதிவேட்டுக்குள்ளேயே இருந்தது, தலைகீழாக.

“இது ரெண்டு முட்டைக்கு மேல போடாது சார். பொறக்குறதுல பாதியப் பாம்பும் காக்காயும் பாத்துக்கிடுது. சாவுக்குப் பொறப்பு சரியாப் போயிருது. நீங்க எடுத்தது அப்படியே பள்ளம் விழுந்துட்டு. இருநூத்தி முப்பத்தொண்ணுல இருநூத்திப் பதினேழு போனா பதினாலு. இருக்கிறது ஒம்பது.”

கிருபைராஜ் பாட்டில்களைப் பார்த்தார். நூற்று எழுபத்து நான்கு பல்லிகள், இமை இல்லாததால், அவரைப் பார்த்தன. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இடிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் இவர் முப்பத்து நான்கு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர்.

“அந்த மிச்ச அஞ்சு?” என்றார். “அஞ்சு இடிக்குதே. அதை ஆட்டு மேல போடலாமா?”

“ஆடு பல்லி தின்னாது சார்,” என்றான் அசன் மைதீன்.

“மிதிக்கலாமே வே.”

“மிதிக்கும். பதினோரு வருஷத்துல அஞ்சு மிதிச்சிருக்கும். அதுக்கு வேலி போட்டா உங்களுக்கு எத்தனை வேலி போடணும்?”

டிபன் பொட்டலத்தோடு நின்ற பையன்கள் எங்கேயோ பார்த்துச் சிரித்தார்கள். ஸமீஹா சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்து, ‘வெள்ளாட்டுக் குளம்பு’ என்பதை அடித்தாள். நிலை: அழிவின் விளிம்பில். முதன்மை அச்சுறுத்தல்: மாதிரி சேகரிப்பும் நினைவுப் பரிசும்.

“என் பேரு போடுவீங்களாம்மா?”

“பேரு போட மாட்டோம் சார்.”

“பல்லி பேருல இருக்குமே,” என்றார் கிருபைராஜ். முதல் தடவையாக அந்தக் குரல் இறங்கியிருந்தது.

“அது இருக்கும் சார். அதை ஒண்ணும் செய்ய முடியாது. இந்த ஒம்பதையாவது விட்டுருங்க. பத்து வருஷத்துல மீண்டுரும்.”

“பாட்டில்ல இருக்கிறதைத் திருப்பிக் கொண்டு விட முடிஞ்சா…”

“மவுத்தாப் போனது வராது சார்,” என்றான் அசன் மைதீன். அவனுக்கு இப்போது கோபம் இல்லை. ஆடுகள் பிழைத்துவிட்டன. “ஒம்பதுக்கு ஹயாத்து இருக்குல்லா, உசுரு இருக்குல்லா. நான் பாத்துக்கிடுதேன்.”

அன்று சாயங்காலமே கிருபைராஜ் நிமிர்ந்துவிட்டார். தப்பை ஒப்புக்கொள்வதிலும் தனக்கு நிகர் யாருமில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தன் கையாலேயே ஒரு சுற்றறிக்கை எழுதினார். மூன்று பக்கம். ‘இன்று முதல் தேரியிலிருந்து ஒரு பல்லியும் பிடிக்கப்படலாகாது, நினைவுப் பரிசு வழக்கம் இத்துடன் நிறுத்தப்படுகிறது, இது நமது துறை உலகுக்கு வழங்கும் ஒழுக்கப் பாடமாகும்’ என்று முடிந்தது. பலகையில் ஒட்டச் சொன்னார்.

பியூலா படித்துவிட்டு, “கடைசியில டிபன்னு ஒரு வரி போட்டுரட்டா சார்?” என்று கேட்டாள்.

“சுற்றறிக்கையில டிபனா? இது என்ன கல்யாண வீடா?”

ஒட்டினாள். மார்ச்சில் அதன்மேல் செமஸ்டர் அட்டவணை ஏறியது. ஏப்ரலில் அதன்மேல் விடுதிப் பாக்கிப் பட்டியல்.

ஏப்ரல் கடைசியில் சிவப்புப் பட்டியலில் கிருபைராஜிக்குப் புதுப் படி கிடைத்தது. பாளையங்கோட்டையில் நாலு பேர் வாழ்த்தினார்கள். அச்சுறுத்தல் கட்டத்தை யாரும் வாசிக்கவில்லை என்பதில் அவருக்கு ஆறுதல். ஓய்வுக்குப் பிறகு ஒன்பது பல்லிகளுக்கும் தானே காவல் இருப்பதென்று முடிவு செய்தார். அசன் மைதீனோடு போனில் பேசி, வாரம் ஒரு நாள் தேரிக்கு வருவதாக ஏற்பாடு. புது வால் முளைத்தவனைத்தான் முதலில் விசாரிப்பார்.

“கெடக்கான் சார். நேத்துத் தடம் பாத்தேன்.”

மே முப்பத்தொன்றாம் தேதி பிரிவு உபசார விழா. அரங்கம் நிறைந்திருந்தது, நோட்டீஸில் பிரியாணி என்று இருந்தது. முதல்வர் பேசினார், மூன்று பேராசிரியர்கள் பேசினார்கள், எல்லோரும் அவரை ‘பல்லிகளின் பாதுகாவலர்’ என்றார்கள். கிருபைராஜ் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மாணவர் தலைவன் மைக்கைப் பிடித்தான்.

“நம்ம சாருக்குப் பொன்னாடை பிடிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால சார் தொடங்கி வச்ச வழக்கப்படியே சாருக்கு நாங்க மரியாதை செய்யப் போறோம்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இரண்டு மாணவர்கள் பெட்டியை ஏந்தி வந்தார்கள். கிருபைராஜ் வாங்கினார். ரெசின் கட்டி வழக்கத்தைவிடப் பெரியது, விளிம்பெல்லாம் வழுவழுவென்று தேய்த்திருந்தார்கள். உள்ளே இருந்த பல்லிக்கு வால் பாதியில் மொட்டையாக, தடியாக, முளைப்பயறு போல இருந்தது.

அவர் பின்னால் நின்ற பியூலாவைப் பார்த்தார்.

“அலமாரியில இருக்கிற பழசைக் கொடுங்கன்னுதான் சொன்னேன் சார்,” என்று அவள் கிசுகிசுத்தாள். “சாருக்குப் போய்ப் பழசான்னு கேட்டுட்டானுவ. மைதீன் பாய் காட்ட மாட்டேன்னுட்டாராம். முந்தாநாள் அவரு ஆட்டைப் பத்திக்கிட்டுச் சந்தைக்குப் போன நேரம் பாத்து இவனுவளே தோண்டியிருக்கானுவ.”

முதல்வர் மைக்கை நீட்டினார். கிருபைராஜ் கட்டியை மேஜையில் வைத்தார், கோட்டைச் சரிசெய்தார். அப்புறம் அழிந்துவரும் உயிரினங்களைக் காப்பது எப்படி என்பது பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். இடையில் மின்விசிறிக் காற்றில் குறிப்புத் தாள் பறக்கப் பார்த்தபோது, பல்லியை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டார்.

தேரியில் இப்போது எட்டு.